ஃபங்ஷன் மேல் விழுந்த பழி

"ஃபங்ஷன்னா ஸ்லோ சார். வியூதான் ஃபாஸ்ட்."

தரவுத்தள வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கல்லூரியிலிருந்து வந்து ஆறு மாதம் ஆனவரும் சொல்கிறார்; பதினைந்து வருடம் எஸ்க்யூஎல் சர்வரோடு குடும்பம் நடத்தியவரும் சொல்கிறார். "எந்த ஃபங்ஷன்?" என்று திருப்பிக் கேட்டால் இருவரும் ஒரே மாதிரி விழிக்கிறார்கள். ஃபங்ஷன் என்றால் ஃபங்ஷன்தானே, அதில் எந்த என்ன?

நேர்காணல் பதிலாக மட்டும் இது இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பல அலுவலகங்களில் இது எழுதி வைத்த சட்டம். கோடிங் ஸ்டாண்டர்ட் என்று ஓர் ஆவணம் இருக்கும். யார் எழுதியது என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். அதில் எண் போட்ட ஒரு வரி, 'தரவுத்தளத்தில் ஃபங்ஷன் எழுதக் கூடாது, வியூ பயன்படுத்தவும்' என்று ஆணையிடும். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடைத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னுடையதும் அப்படித் திரும்பி வந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பழி வெறும் காற்றிலிருந்து பிறக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் நாமே ஃபங்ஷன் எழுதிக்கொள்ளும் வசதி 2000 பதிப்பில் வந்தது. வரும்போதே மூன்று பேராக வந்தது. மூத்தது ஸ்கேலார்: ஒரு மதிப்பைக் கொடுத்தால் ஒரு மதிப்பைத் திருப்பித் தரும், விலையைச் சொன்னால் வரியைச் சொல்லும். அடுத்தது மல்டி ஸ்டேட்மென்ட்: உள்ளே ஒரு டேபிள் வேரியபிளைத் திறந்து, பல கட்டளைகளால் அதை நிரப்பி, கடைசியில் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கும். மூன்றாவது இன்லைன். அதற்குள் பிகின், எண்ட் கிடையாது, வேரியபிள் கிடையாது, இஃப் கிடையாது. ஒரே ஒரு செலக்ட், அதற்கு முன்னால் ரிட்டர்ன் என்ற ஒரு சொல். அதன் உடம்பே அவ்வளவுதான்.

ஸ்கேலார் செய்த அட்டூழியம் நிஜம். பத்து லட்சம் வரிசை உள்ள டேபிளின் மேல் அதைப் போட்டால் பத்து லட்சம் முறை தனித்தனியாக அழைக்கப்படும். ஒன்றே ஒன்று குவெரிக்குள் நுழைந்தால்கூடப் போதும், முழுக் குவெரியும் ஒற்றை இழையில்தான் ஓடும்; சர்வரில் முப்பத்திரண்டு கோர் இருந்தாலும் ஒன்று உழைக்க மற்றவை வேடிக்கை பார்க்கும். போதாக்குறைக்கு, அந்தச் செலவு எக்ஸிக்யூஷன் பிளானில் ஒழுங்காகத் தெரியாது. உள்ளே நடந்த வாசிப்பை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐஓவும் சொல்லாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் திருடன், கேமராவில் மட்டும் விழமாட்டான். 2019 பதிப்பில்தான் இதற்கு மருந்து வந்தது. மும்பை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற கார்த்திக் ராமச்சந்திரா உள்ளிட்ட ஆறு பேரின் ஃப்ராய்ட் என்ற ஆய்வு அதற்கு அடிப்படை. படிப்படியாக எழுதப்பட்ட ஸ்கேலார் ஃபங்ஷனை ஒரே ரிலேஷனல் கோவையாக மாற்றி, அழைக்கும் குவெரிக்குள்ளேயே கரைத்துவிடுவது அதன் உத்தி. இன்லைன் ஃபங்ஷன் 2000-லிருந்தே இதைத்தான் செய்துகொண்டிருந்தது. தம்பிக்குப் பிறவியிலேயே தெரிந்ததை அண்ணனுக்குக் கற்றுக்கொடுக்க மைக்ரோசாஃப்டுக்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது.

மல்டி ஸ்டேட்மென்டும் யோக்கியன் இல்லை. ஆப்டிமைசருக்கு அது மூடிய பெட்டி. உள்ளிருந்து எத்தனை வரிசை வரும் என்று தெரியாததால் குத்துமதிப்பாக ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். 2012 வரை அந்த எண் 1. 2014-ல் புதிய கணிப்பு முறை வந்தபோது அது 100 ஆனது. ஃபங்ஷன் நான்கு லட்சம் வரிசையைக் கொட்டும். ஆப்டிமைசரோ நூறு பேருக்குத்தான் இலை போட்டிருக்கும். 2017-ல் இன்டர்லீவ்ட் எக்ஸிக்யூஷன் வந்த பிறகு, முதலில் ஃபங்ஷனை ஓட்டி எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு மீதிச் சமையலைத் தொடங்கும் பழக்கம் வந்தது.

ஆகவே இந்த இருவர் மேல் போட்ட வழக்கில் நியாயம் உண்டு. மூன்றாமவன் எப்படிச் சிக்கினான்? வீட்டுப்பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு குற்றம் எதுவும் அவன் மேல் இல்லை.

இன்லைன் ஃபங்ஷனை ஒரு குவெரிக்குள் அழைக்கும்போது சர்வர் அதைத் தனியாக ஓட்டுவதே இல்லை. குவெரியைக் கம்பைல் செய்யும் நேரத்தில் ஃபங்ஷனின் செலக்டைப் பிரித்து, பேராமீட்டர் இருந்த இடத்தில் நீங்கள் கொடுத்த மதிப்பை வைத்து, வெளிக் குவெரியோடு சேர்த்துத் தைத்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆப்டிமைசர் வேலையைத் தொடங்குகிறது. எந்த இன்டெக்ஸ், எந்த டேபிள் முதலில், ஹேஷ் ஜாயினா மெர்ஜ் ஜாயினா, எத்தனை இழை என்ற எல்லா முடிவுகளும் தைத்து முடித்த துணியின் மேல்தான் எடுக்கப்படுகின்றன. வியூவுக்கும் அச்சு அசலாக இதுவே நடக்கிறது. மைக்ரோசாஃப்டின் பழைய கையேடே, பேராமீட்டர் வாங்கும் வியூ வேண்டுமா, இன்லைன் ஃபங்ஷனை எழுதிக்கொள் என்று சொன்னது.

என் பேச்சை நம்ப வேண்டாம், செய்தே பாருங்கள். வாடிக்கையாளர்களையும் பில்களையும் ஜாயின் செய்து ஒரு வியூ எழுதுங்கள். அதே செலக்டை, வாடிக்கையாளர் எண்ணைப் பேராமீட்டராக வைத்து இன்லைன் ஃபங்ஷனாகவும் எழுதுங்கள். வியூவை ஓர் எண்ணால் வடிகட்டுங்கள், ஃபங்ஷனுக்கு அதே எண்ணைக் கொடுங்கள், இரண்டு பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே இன்டெக்ஸ் சீக், அதே வாசிப்பு எண்ணிக்கை. பிளானில் ஃபங்ஷனின் பெயரைத் தேடினால் கிடைக்காது, கரைந்துபோயிருக்கும். மல்டி ஸ்டேட்மென்டாக இருந்தால் 'டேபிள் வேல்யூட் ஃபங்ஷன்' என்று ஒரு பெட்டி தனியாக நின்றுகொண்டிருக்கும். இரண்டு நிமிட வேலை. ஆனால் விதியை எழுதியவர்கள் பிளானைத் திறப்பதில்லை. விதி இருக்கிறதே, பிறகு பிளான் எதற்கு?

இந்தக் குழப்பத்துக்கு மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவும் உடந்தை. அதன் இடப்பக்க மரத்தில் வியூவுக்கு டேபிளுக்குக் கீழேயே கௌரவமான தனி அலமாரி. ஃபங்ஷன்கள் புரோகிராமபிலிட்டி என்ற கிளைக்குள் எங்கோ கிடக்கும். அங்கே போய்ப் பார்த்தால் டேபிள் வேல்யூட் ஃபங்ஷன் என்ற ஒரே அறையில் இன்லைனும் மல்டி ஸ்டேட்மென்டும் தோளோடு தோள் படுத்திருக்கும். சர்வருக்கு இரண்டும் வேறு வேறு என்று நன்றாகத் தெரியும், சிஸ்.ஆப்ஜெக்ட்ஸில் இன்லைனுக்கு ஐஎஃப், மல்டி ஸ்டேட்மென்டுக்கு டிஎஃப், ஸ்கேலாருக்கு எஃப்என் என்று தனித்தனிக் குறியீடே வைத்திருக்கிறது. மனிதர்கள் பார்ப்பது குறியீட்டையல்ல, அலமாரியை. அலமாரி சேர்த்து வைத்ததை விதியும் சேர்த்தே தண்டித்துவிட்டது.

நாணயத்தின் மறுபக்கம் வியூ பற்றிய மயக்கம். "வியூ ப்ரீ-கம்பைல்ட் சார்", "வியூவில் டேட்டா ரெடியா இருக்கும் சார்." இரண்டும் தவறு. சாதாரண வியூவில் ஒரு வரிசைகூடக் கிடையாது. இருப்பது செலக்டின் எழுத்தும், நெடுவரிசைகளின் பெயர் பட்டியலும்தான். அதற்கென்று தனி பிளான் கிடையாது. அதைப் பயன்படுத்தும் குவெரிக்குத்தான் பிளான். இது இன்று நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 1975-லேயே பெர்க்லியில் இங்ரெஸ் தரவுத்தளத்துக்காக மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது: வியூ மேல் கேட்கப்படும் கேள்வியை, அடியில் இருக்கும் டேபிள்கள் மேல் கேட்கப்படும் கேள்வியாக மாற்றி எழுதிவிடு. ஐம்பது வருடமாக வியூ ஒரு சுருக்கெழுத்து. அதைக் குளிர்பதனப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு வியூ மேல் வியூ, அதன் மேல் வியூ என்று ஏழு மாடி கட்டியவர்களின் குவெரியைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே வாடிக்கையாளர் டேபிள் ஒன்பது முறை ஜாயின் ஆகியிருந்தது. அந்தக் கட்டடத்தில் ஃபங்ஷன் ஒன்றுகூட இல்லை. விதியை நூற்றுக்கு நூறு கடைப்பிடித்துக் கட்டியது.

வேகம் ஒன்றேதான் என்றால், எதை எழுதினால் என்ன என்று விட்டுவிடலாமா? விட முடியாது. வேகத்தைப் பற்றிய இந்தப் பொய்ச் சண்டையில் எல்லோரும் மறந்துபோகும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அது விடையையே மாற்றும் வித்தியாசம்.

என் கதை இங்கேதான் வருகிறது. ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனம். அறுபது கிளைகள். கேட்டது எளிய அறிக்கை: இரண்டு தேதிகளுக்கு இடையில் ஒவ்வொரு கிளையும் எத்தனை பில் போட்டது, மொத்தத் தொகை என்ன. எதுவும் விற்காத கிளை பூஜ்யத்தோடு வர வேண்டும். அதுதான் முக்கியம்; விற்காத கிளையைத்தான் முதலாளி முதலில் தேடுவார். நான் ஓர் இன்லைன் ஃபங்ஷன் எழுதினேன். கிளை டேபிள் இடப்பக்கம், பில் டேபிளோடு லெஃப்ட் ஜாயின், இரண்டு தேதிகளும் ஜாயின் நிபந்தனைக்குள்ளேயே, கடைசியில் கிளைவாரியாகக் கூட்டல். பன்னிரண்டு வரி.

ரிவ்யூவில் திரும்பி வந்தது. விதி எண் சொல்லி, "வியூவாக மாற்றவும்" என்று ஒரு குறிப்பு. சண்டை போடாமல் விட்டது என் தப்பு. குழுவில் இருந்த ஒரு தம்பி வியூவாக மாற்றினார். வியூவுக்குத் தேதி கொடுக்க வழியில்லை. அதனால் கிளைகளையும் பில்களையும் லெஃப்ட் ஜாயின் செய்து எல்லா வருடத்து வரிசைகளையும் வியூவில் வைத்தார். தேதி வடிகட்டலும் கூட்டலும் வெளியே. முதல் நாளே விற்காத கிளைகள் காணாமல் போயின. காரணம், பில் இல்லாத கிளைக்கு லெஃப்ட் ஜாயின் நல் மதிப்போடு ஒரு வரிசை தரும். வெளியே நிற்கும் தேதி நிபந்தனை அந்த நல்லைப் பார்த்ததும் தள்ளிவிடும். லெஃப்ட் ஜாயின் போட்ட புண்ணியமெல்லாம் வாசலில் போயிற்று.

தம்பி அசரவில்லை. 'அல்லது தேதி நல்லாக இருந்தால்' என்று ஒரு வாலைச் சேர்த்தார். சோதனையில் சரியாக வந்தது. ஏனென்றால் சோதனைத் தரவில் பூஜ்யக் கிளையாக வைத்திருந்தது புதிதாகத் திறந்த கிளை; அது பிறந்ததிலிருந்து ஒரு பில்லும் போட்டதில்லை. அந்த வால் காப்பாற்றுவது அந்த மாதிரிக் கிளையை மட்டும்தான். போன வருடம் முழுக்க விற்றுவிட்டு இந்த மாதம் பூட்டிக் கிடக்கும் கிளைக்கு நல் வரிசையே உருவாகாது. அதற்குப் பழைய பில்கள் இருக்கின்றனவே. பழைய பில்களைத் தேதி நிபந்தனை தள்ளும், கிளையும் சேர்ந்து போகும். மழையில் மாட்டி மூன்று வாரம் ஷட்டர் இறங்கிக் கிடந்த ஒரு கிளை, அறிக்கையில் இல்லவே இல்லை. பூஜ்யம் என்றிருந்தால் முதலாளி திட்டியிருப்பார், அது அவருக்கும் எங்களுக்கும் பழகிய விஷயம். கிளையே இல்லை என்றதும் வேறு கிளைகளும் விட்டுப்போயினவோ என்று ஆறு மாத அறிக்கைகளைத் திரும்ப எடுக்கச் சொன்னார்.

இதில் தம்பியின் குற்றம் கொஞ்சம்தான். நிபந்தனை ஜாயினுக்கு உள்ளே நிற்பதும் வெளியே நிற்பதும் இரண்டு வேறு கேள்விகள். வியூவில் நீங்கள் சேர்க்கும் நிபந்தனை எப்போதும் எல்லாம் முடிந்த பிறகு, வாசலில்தான் நிற்கும். ஃபங்ஷனின் பேராமீட்டர் சமையலறை வரைக்கும் போகும். ஜாயினுக்குள்ளும், கூட்டலுக்கு முன்னும், ரேங்க் போடுவதற்கு முன்னும் எங்கு வேண்டுமானாலும் உட்காரும்.

ரேங்க் என்றதும் இன்னொன்று. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி பில்லை எடுக்க ரோ நம்பர் போட்டு ஒன்றாம் எண்ணை எடுப்பது எல்லோரும் செய்வது. அதை வியூவாக வைத்துவிட்டு, வெளியே மதுரைக் கிளை என்று வடிகட்டினால் வருவது என்ன? கடைசி பில் மதுரையில் போடப்பட்ட வாடிக்கையாளர்கள். கிளையைப் பேராமீட்டராக ஃபங்ஷனுக்குள் கொடுத்தால் வருவது, மதுரைக் கிளையில் ஒவ்வொருவரும் போட்ட கடைசி பில். போன மாதம் மதுரையிலும் நேற்று திண்டுக்கல்லிலும் வாங்கியவர் முதல் பட்டியலில் இருக்க மாட்டார், இரண்டாவதில் இருப்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் கேட்டது எது என்று தெரியாமல், எது ஃபாஸ்ட் என்று விவாதிப்பதில் பொருளே இல்லை. வடிகட்டும் நெடுவரிசையே பார்ட்டிஷனாகவும் இருந்தால், உதாரணமாக வாடிக்கையாளர் எண்ணால் வடிகட்டினால், இரண்டு விடையும் ஒன்றாகிவிடும். அந்த இடத்தில்கூடப் பழைய பதிப்புகள் பலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு: எண்ணை நேரடியாக எழுதினால் ஆப்டிமைசர் அதை ரேங்குக்குக் கீழே தள்ளிவிடும், வேரியபிளாகக் கொடுத்தால் தள்ளாது, முழு டேபிளுக்கும் ரேங்க் போட்டுவிட்டு வந்துதான் வடிகட்டும். மெதுவானது அங்கே வியூதான். இதை வைத்து 'வியூ என்றாலே ஸ்லோ' என்று நானும் ஒரு விதி எழுதலாம். எழுதமாட்டேன்.

வியூக் கட்சியிலிருந்து கெட்டிக்காரர்கள் ஒரு பதில் சொல்வார்கள். தேதிகளுக்கென்று ஒரு காலண்டர் டேபிள் வைத்து, அதைக் கிளைகளோடு க்ராஸ் ஜாயின் செய்து, அதன் மேல் பில்களை லெஃப்ட் ஜாயின் செய்தால் வியூவிலேயே பூஜ்யக் கிளை வரும். வரும், மறுக்கவில்லை. வெளியே வைக்கும் தேதி நிபந்தனையும் காலண்டர் மேல் விழுவதால் வேகமும் கெடாது. ஆனால் அந்தக் காலண்டர் யார்? வாசல் வழியாக வர வேண்டிய பேராமீட்டர், சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்திருக்கிறது. குறிப்பிட்ட தேதியில் சரக்கு இருப்பு என்ன என்ற கேள்விக்கு இதே உத்தியைப் போடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் அதுவரை நடந்த வரவு செலவையெல்லாம் கூட்டும் வியூ. எட்டாயிரம் மருந்து, அறுபது கிளை, பத்து வருடத்து நாட்கள் என்றால் 175 கோடி வரிசைகளுக்கு அந்த வியூவில் இடம் உண்டு. தேதி சொல்லிக் கேட்டால் பிழைத்தோம். தேதி சொல்ல மறந்து யாராவது எக்ஸெல்லில் அந்த வியூவை இழுத்தால் அன்றைக்கு சர்வருக்குத் திதிதான். இன்லைன் ஃபங்ஷனைத் தேதி இல்லாமல் அழைக்கவே முடியாது. பேராமீட்டர் குறைகிறது என்று சர்வர் வாசலிலேயே நிறுத்திவிடும்.

இதைவிடக் கொடுமையான ஒரு மாற்று வழியையும் பார்த்திருக்கிறேன். 'ஃபங்ஷன் கூடாது' விதி பலமாக இருக்கும் இடங்களில் தவறாமல் முளைக்கும் அது: ஒரே வரிசை கொண்ட ஒரு செட்டிங்ஸ் டேபிள். அறிக்கை எடுப்பவர் முதலில் அதில் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் எழுத வேண்டும். வியூ அதை ஜாயின் செய்து படித்துக்கொள்ளும். கோயம்புத்தூர் அக்கவுண்ட்ஸும் சென்னை அக்கவுண்ட்ஸும் ஒரே நிமிடத்தில் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் ஏப்ரல் கணக்கைக் கேட்டு, மற்றவரின் ஜனவரி கணக்கை வாங்கிக்கொண்டு போவார், எந்தப் பிழைச் செய்தியும் வராமல்.

ஃபங்ஷன் கட்சியிலும் வெறியர்கள் உண்டு. அப்ளை வந்த 2005 பதிப்பிலிருந்து, அதன் சுகத்தைக் கண்டவர்கள் எல்லா வியூவையும் ஃபங்ஷனாக மாற்றக் கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன். பேராமீட்டரே இல்லாமல், வெறும் அடைப்புக்குறியோடு நிற்கும் ஃபங்ஷன்கள். எதற்கு? பேராமீட்டர் தேவைப்படாத இடத்தில் வியூதான் எழுத வேண்டும். எக்ஸெல், பவர் பிஐ போன்றவற்றில் வியூ பட்டியலில் தானாக வந்து உட்காரும். இன்ஸ்டெட் ஆஃப் ட்ரிகரை வியூ மேல் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக வியூவுக்கு இன்டெக்ஸ் போடலாம். ஸ்கீமாபைண்டிங்கோடு எழுதிய வியூ மேல் தனித்துவமான க்ளஸ்டர்ட் இன்டெக்ஸ் ஒன்றை வைத்துவிட்டால், அப்போதுதான் அது நிஜமாகவே வரிசைகளைச் சேமித்துவைக்கும். ஸ்டாண்டர்ட் எடிஷனில் அதை உறுதியாகப் பயன்படுத்த நோஎக்ஸ்பாண்ட் என்று குறிப்பு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபங்ஷனுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. நேர்காணலில் "வியூவில் டேட்டா ரெடியா இருக்கும்" என்றவர் இதை நினைத்துச் சொல்லியிருந்தால் எழுந்து நின்று கை கொடுத்திருப்பேன்.

இன்லைன் ஃபங்ஷனே மெதுவாக ஓடி நான் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குற்றவாளி வேறு ஆள். தமிழ்ப் பெயர்களுக்கு என்வார்கேர் வேண்டும், சரி. அந்தப் பழக்கத்தில் பில் எண்ணுக்கும் பேராமீட்டரை என்வார்கேர் என்று அறிவித்துவிடுவார்கள். டேபிளில் அது வார்கேர். இரண்டையும் ஒப்பிட சர்வர் டேபிளின் பக்கத்தையே மாற்றத் தொடங்கும். பழைய எஸ்க்யூஎல் கொலேஷனில் இருக்கும் தரவுத்தளமென்றால் இன்டெக்ஸ் சீக் போய் முழு ஸ்கேன் வரும். வகையை ஓர் எழுத்து திருத்தினால் நாற்பது நொடி அரை நொடியாகும். இன்னொரு பழக்கம், 'பேராமீட்டர் நல்லாக இருந்தால் எல்லாம், இல்லாவிட்டால் இது மட்டும்' என்று ஒரே ஃபங்ஷனில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லப் பார்ப்பது. அதை ப்ரொசீஜரில் எழுதினாலும் அதே கதிதான். ஆனால் ப்ரொசீஜர் கூடாது என்று யாரும் விதி எழுதவில்லை.

எஸ்க்யூஎல் சர்வருக்கு வெளியேயும் இந்த நோய் உண்டு, மருந்தும் ஏறக்குறைய இதேதான். போஸ்ட்கிரெஸில் எஸ்க்யூஎல் மொழியில் ஒரே செலக்டாக எழுதிய டேபிள் ஃபங்ஷன் வெளிக் குவெரிக்குள் கரையும். ஆனால் ஸ்டேபிள் அல்லது இம்யூட்டபிள் என்று அறிவிக்க வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் அது வாலட்டைல் என்று எடுத்துக்கொள்ளும், கரையாது. ஒரு சொல் விட்டுப்போனதற்காக, ஆயிரம் வரிசை என்ற முன்முடிவோடு ஓடும் மூடிய பெட்டியாகிவிடும் அது. பிறகு "போஸ்ட்கிரெஸிலும் ஃபங்ஷன் ஸ்லோ" என்று இன்னொரு ஆவணத்தில் இன்னொரு வரி ஏறும். ஆரக்கிளில் டேபிள் ஃபங்ஷனுக்கு ஆப்டிமைசர் வைத்துக்கொள்ளும் வழக்கமான குத்துமதிப்பு, 8 கேபி ப்ளாக் என்றால், 8168. அந்த விசித்திர எண்ணை பிளானில் பார்த்துத் தலையைச் சொறியாத ஆரக்கிள்காரர் இருக்க முடியாது. அவர்களுக்கும் 19சியின் பிற்கால அப்டேட்களிலும் 21சியிலும் எஸ்க்யூஎல் மேக்ரோ என்று ஒன்று வந்தது: பேராமீட்டர் வாங்கி, குவெரிக்குள் கரையும் டேபிள். பெயரில் ஃபங்ஷன் என்று வராததால் அதன் மேல் யாரும் பழி போடவில்லை.

அந்த மருந்து நிறுவனத்தின் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. அறிக்கை கலாட்டா முடிந்து ஒரு வருடம் இருக்கும். ஒவ்வொரு கிளை ஊழியரும் தன் கிளை பில்லை மட்டுமே பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2016-லிருந்து இதற்கென்றே ரோ லெவல் செக்யூரிட்டி இருக்கிறது. எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்ற நிபந்தனையை எழுதி, ஒரு பாலிசியாக டேபிள் மேல் பூட்டிவிடலாம். அந்த நிபந்தனையை எதில் எழுத வேண்டும்? இன்லைன் டேபிள் வேல்யூட் ஃபங்ஷனில். வியூவில் எழுதினால் ஏற்காது, ஸ்கேலாரில் எழுதினால் ஏற்காது, மல்டி ஸ்டேட்மென்டையும் ஏற்காது. டேபிளை யார் தொட்டாலும், எத்தனை முறை தொட்டாலும், கூடவே ஓட வேண்டிய வேலைக்கு மைக்ரோசாஃப்ட் நம்பி நிறுத்திய ஒரே ஆள் அவன்தான்.

எங்களிடமோ விதி. விலக்குக் கேட்டு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அதில் 'வியூ ஏன் போதாது?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'சர்வர் ஒப்புக்கொள்ளாது' என்று எழுதினேன். மூன்று நாளில் அனுமதி வந்தது. இப்போது அந்தத் தரவுத்தளத்தில் பில் டேபிளை யார் எந்த வியூ வழியாகப் படித்தாலும், அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் உள்ளே கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மெதுவாக இருக்கிறது என்று இதுவரை ஒரு புகாரும் வரவில்லை. கோடிங் ஸ்டாண்டர்டில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.